ஏழு எழுத்தும் சாரோட கணக்கும்

ஜூன் 10, செவ்வாய்

காலைல 11.42. ரோசரின்னு ஒருத்தங்க போன் பண்ணாங்க. என் பொண்டாட்டி தர்ஷினிகிட்ட இங்கிலீஷ் படிக்கிறவங்க.

"சார், மேடம் போர்டுல எழுதிட்டே இருந்தாங்க, அப்படியே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தோம். உசுரு இல்லேங்கிறாங்க சார்."

அப்ப நான் ஃபேக்டரில, வெல்டிங் ஒட்டுல விரிசல் இருக்கான்னு எக்ஸ்ரே ஃபிலிம் பாத்துட்டு இருந்தேன். மீதி மூணு ஃபிலிமையும் பாத்து, ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் கெளம்புனேன். ஏன் அப்படிச் செஞ்சேன்?

ஜூன் 11

ஓயாமாரி சுடுகாட்டுலேர்ந்து வந்தாச்சு. மூளையில ரத்தக்கசிவாம். இருபத்தொம்போது வயசு.

ஜூன் 14, சனி

செவ்வாக்கெழமை 10.20-க்கு அவ அனுப்புன மெசேஜ இன்னைக்குத்தான் தொறந்தேன். B L A N K E T. வேற ஒண்ணும் இல்ல.

ரெண்டு வருஷமா தெனம் இதான். க்ளாஸ் போர்டுல ஏழு எழுத்து போடுவா. அந்த எழுத்துங்கள வெச்சு எத்தன இங்கிலீஷ் வார்த்தை எழுத முடியுதோ எழுதணும். table, lake, ankle, இப்படி. அதே ஏழு எழுத்து எனக்கும் வரும். மத்தியானம் நான் லிஸ்ட் அனுப்புவேன்.

மொத ரெண்டு நாள் நானாத்தான் யோசிச்சேன். அஞ்சு, ஆறு வந்துச்சு. இன்ஜினியருக்கு இவ்ளோதானான்னு வெக்கமாப் போச்சு. மூணாவது நாள் பதினஞ்சு வரில ஒரு ப்ரோக்ராம் எழுதுனேன். அறுபத்தொரு வார்த்தை வந்துச்சு. அனுப்பிட்டேன். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமா, "எப்படிங்க? சாப்புடுற நேரத்துலயா இத்தன யோசிச்சீங்க?"ன்னா. அந்த மூஞ்சியப் பாத்தப்புறம் உண்மையச் சொல்ல வாய் வரல. அப்புறம் சொல்லவே இல்ல.

இன்னைக்கும் ப்ரோக்ராம ஓட விட்டேன். கை பழக்கம். லிஸ்ட அனுப்பியும் விட்டேன். ஒரு டிக்தான் விழுந்துச்சு. அவ போன் பீரோல சார்ஜ் இல்லாம கெடக்கு.

ஜூன் 25, புதன்

காரியம் முடிஞ்சுது. க்ளாஸ்லேர்ந்து ரோசரியும் சாரா பீவியும் வந்திருந்தாங்க. ரோசரிக்கு ஒரு நர்சிங் ஹோம்ல ஆயா வேலை. சாரா பீவி டெய்லர். அம்மா மண்டபம் ரோட்டுல அவங்க கடை மாடிலதான் தர்ஷினி க்ளாஸ் எடுத்தா.

"மேடம் இல்லாட்டியும் நாங்க தெனம் வந்து உக்காந்துட்டுத்தான் இருக்கோம் சார்," ரோசரி சொன்னாங்க. "நீங்க வந்து சொல்லிக் குடுங்க. உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா?"

எனக்கு இங்கிலீஷ் வரும்னு உங்களுக்கு யாரு சொன்னான்னு கேட்டேன்.

"போர்டுல தெனம் எழுதுவாங்கள்ல! சார் அறுபத்தொண்ணு, சார் எழுபதுன்னு. உங்கள ஜெயிக்கிறவங்களுக்குப் பிரியாணின்னாங்க. ரெண்டு வருஷமா ஒருத்தரும் திங்கல."

சாரா பீவி சிரிச்சாங்க. என் லிஸ்ட அவ போர்டுல போடுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது.

ஜூன் 27

ப்ரோக்ராம் விஷயத்தச் சொல்லணுமா? அவளே போயிட்டா. இப்ப யாருக்கு என்ன ஆகப் போவுது.

அவ அவங்ககிட்ட என்னப் பத்திப் பெருமையாப் பேசியிருக்கா. அதையும் நானே கெடுக்கணுமா.

ஜூலை 1, செவ்வாய்

போனேன். எட்டுப் பேர், தரைல பாய் போட்டு உக்காந்திருந்தாங்க. போர்டுல அந்த ஏழு எழுத்து அழிக்காம இருந்துச்சு. அவ கையெழுத்து. அதப் பாத்ததும் நின்ன எடத்துலயே சொல்லிட்டேன் – அதெல்லாம் நான் போட்டதில்லீங்க, கம்ப்யூட்டர் போட்டது.



"அப்ப ரெண்டு வருஷமா நாங்க மிஷினோடயா மல்லுக்கட்டுனோம்?" சாரா பீவிதான். "அல்லாவே! நான் இவுரு தலைக்குள்ள என்னதான் இருக்குன்னு பொறாமைப்பட்டுட்டு இருந்தேன்."

ரெண்டு பேரு சிரிச்சாங்க. ரோசரி சிரிக்கல.

"பொன்னுத்தாயி அக்கா இதனாலதான் சார் நின்னுச்சு. பொங்கலுக்கு முன்னாடி. சாருக்கு அறுபது வருது, எனக்கு ஏழு வருது, எனக்கெல்லாம் இது ஏறாதுன்னுட்டுப் போயிருச்சு. மேடம் ரெண்டு தடவ நேர்ல போய்க் கூப்புட்டாங்க. வரல."

தர்ஷினி அப்பவே எங்கிட்ட இதச் சொல்லியிருக்கா. 'ஒரு அக்கா நின்னுட்டாங்க, மனசே சரியில்ல'ன்னா. நான் டிவி பாத்துட்டே 'விடு'ன்னேன்.

ஜூலை 3, வியாழன்

காந்தி மார்க்கெட். வெங்காயக் கடை. விசாரிச்சுக் கண்டுபுடிச்சேன். பொன்னுத்தாய்க்கு அம்பது வயசு இருக்கும். தர்ஷினி வீட்டுக்காரர்னதும் எந்திரிச்சு நின்னு, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க. விஷயத்தச் சொன்னேன். கை கீழ எறங்கிருச்சு.

"எனக்கு மூளையில்லன்னு எம் மவகிட்டயே சொன்னேன் தம்பி. நோட்டக்கூட எடைக்குப் போட்டுட்டேன்."

"தப்புதாங்கக்கா."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தர்ஷினிக்குத் தெரியாது. சொல்லல."

"சொல்லியிருக்கலாம்ல."

அழுகை வந்துருச்சு. இத்தன நாளும் வராதது, வெங்காயக் கடைல, அத்தன பேரு மத்தியில. அவங்க, வந்த ஆளுக்கு ரெண்டு கிலோ நிறுத்துப் போட்டாங்க. அப்புறம் ஸ்டூல என் பக்கம் தள்ளிவிட்டாங்க.

"நீயா யோசிச்சா எத்தன வரும்?"

"அஞ்சு. ஆறு."

"எனக்கு ஏழு வரும்," அப்படின்னாங்க.

ஜூலை 5

ப்ரோக்ராம அழிச்சுட்டேன். அவளோட சாட்ல என் லிஸ்ட் எல்லாம் இருக்கு, ரெண்டு வருஷத்துது. அத அழிக்கல. ஒவ்வொண்ணுக்கும் கீழ அவ 'சூப்பர்'னு போட்டிருக்கா.

ஜூலை 8, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுட்டேன். மாடிலதான் உக்காந்திருக்கேன், பாய்ல, சாரா பீவிக்குப் பக்கத்துல. புது நோட்டோட பொன்னுத்தாய் அக்கா வந்துட்டாங்க. எழுத்து போடுறது இன்னைக்கு அவங்கதான். நாலு எழுத்து போட்டுட்டுத் திரும்பி என்னப் பாத்தாங்க.

"தம்பி, மொதல்ல அந்தப் போன அமத்து."

எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. ஆஃப் பண்ணிட்டேன்.