கடைசி வாரத்துக் கடிதம்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பேட்டரிக் கடை இருக்கிறது. பத்து நாளைக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, நீதிமன்றம் முடிந்து அந்த வழியாக நடந்து வந்தேன். கடைக்காரர் ஒரு லொறி பேட்டரியின் மூடிகளைக் கழற்றி வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். உன் நீலப் பாவாடைதான் ஞாபகத்துக்கு வந்தது. பெரகல சந்தியில் சார்ஜ் போட்ட பேட்டரியைச் சாக்கில் சுற்றி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்தபோது அமிலம் சிந்தி, பாவாடை ஓரத்தில் ஐந்தாறு பொத்தல் விழுந்தது. உன் அம்மா திட்டத் தொடங்கியதும், "பாவாடைய பொறகு பாத்துக்கலாம்மா, இன்னைக்கி நாடகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நீ ஓடினாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் உருகி உருகி எழுதுகிறவள் இல்லை, அது உனக்கே தெரியும். இப்போது எழுதுவதும் அதற்காக இல்லை. உன்னோடு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து என் மகளிடம் அந்த நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். கடற்கரைக் கிராமம், ஒரு சின்னப் பெண், அவளைச் சித்தியிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா, சைக்கிளில் வரும் தபால்காரர். "சிங்கள நாடகமா? பேர் என்னாம்மா?" என்று கேட்டாள். பெயர் யாருக்குத் தெரியும். நம் லயத்தின் வரிசை வீடுகளில் அதற்குத் தபால்கார நாடகம் என்றுதானே பெயர். அவளும் விடவில்லை. எதையெதையோ தட்டித் தேடி, ஒரு மணி நேரத்தில் போனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அதே சைக்கிள், அதே மணிச் சத்தம். அங்கேயே தரையில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய்.

லயத்துக்குக் கரண்ட் வராத காலம் அது. இருந்தது ஒரே டீவி, அதுவும் கறுப்பு வெள்ளை. தோட்டத்து லொறி ஓட்டுகிற மாமா வாங்கி வந்து லயத்தின் கடைசி அறையில், அந்தக் காம்பிராவில், வைத்திருந்தார். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் பெண்கள் காலைக் கழுவியும் கழுவாமலும் அங்கே வந்து உட்காருவார்கள். வெளியே மூங்கில் கம்பத்தில் கட்டிய அன்டனாவை ஒருவர் திருப்ப, உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், உட்டுறுங்க" என்று ஒரே சத்தமாக இருக்கும். மலையில் மூட்டம் இறங்கிவிட்டால் படத்துக்குள்ளும் இறங்கிவிடும்.

படம் தெரிந்தால் போதுமா? பேசுவது புரிய வேண்டாமா? அதற்குத்தான் நீ இருந்தாய். உன் அப்பா பண்டாரவளையில் ஒரு பேக்கரியில் வேலை செய்த மூன்று வருடமும் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் நீ. டீவிக்குப் பக்கத்தில் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்வாய். அது உன் இடம். வேறு யாரும் உட்கார முடியாது. அவர்கள் பேசி முடிப்பதற்குள் நீ சொல்லி முடித்திருப்பாய். யாராவது குறுக்கே பேசினால், "நான் சொல்லவா, நீங்களே பாத்துக்கிறீங்களா?" என்று ஒரு அதட்டல். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு லயமே அடங்கி உட்கார்ந்திருந்தது.

முதல் வாரத்திலிருந்து எல்லாவற்றையும் இப்போது பார்த்துவிட்டேன். இரண்டு நாள் லீவு போட்டுப் பார்த்தேன். எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல இன்று யாரும் தேவையில்லை. முதல் அதிர்ச்சி நாடகத்தில் வரும் அந்த மீசைக்கார மாமன். அவன் கெட்டவனே இல்லையடி. பாவம், அந்தப் பிள்ளைக்கு வாரா வாரம் அரிசி கொண்டுவந்து கொடுக்கிற நல்ல மனிதன். நீ அவனைத் திருடன் என்று சொல்லி, நம் பெண்கள் அவன் முகம் தெரிந்தாலே வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்களே. அவன் மீசை உனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அதற்கப்புறம் கடைசி வாரம் வந்தது.

அந்த நாடகம் ஓடிய காலத்தில் என் அம்மா சவூதியில் வீட்டு வேலையில் இருந்தார். நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. அப்பா தினமும் தபால் வரும் நேரத்துக்குத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நின்றுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வருவார். நான் மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தேன். நாடகத்தில் அந்தப் பிள்ளையின் அம்மா திரும்பி வந்தால் என் அம்மாவும் வருவார், வராவிட்டால் வரமாட்டார். இதை உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன், பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றபோது. வழக்கம் போல நீ கேலி செய்வாய் என்று நினைத்தேன். நீ குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாய்.

கடைசி வாரம், கடைசிக் காட்சி. தபால்காரர் சைக்கிளை நிறுத்திக் கடிதத்தைப் பிரிக்கிறார். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, அவர்தான் வாசிக்கிறார். பிள்ளை அழுகிறது. எழுந்து கடலைப் பார்த்து ஓடுகிறது. "என்னாடி எழுதியிருக்கு?" என்று கேட்டது நான்தான். நீ திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாய்.

"அம்மா அடுத்த பஸ்ஸுல வாறாங்களாம். அதான் சந்தோஷத்துல அழுவுது."

பெண்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன் அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். லொறி மாமா மட்டும் எழுந்து வெளியே போய் அன்டனாவைத் திருப்பினார். படம் தெளிவாகத்தான் இருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று முப்பது வருடம் கழித்து என் காதாலேயே கேட்டேன். "உன் அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார், புதைத்தும் ஆகிவிட்டது, இனி நீ தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம் மகளே" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்கிறார் தபால்காரர். வேறு ஒன்றும் இல்லை.

என் அம்மா ஒன்றரை வருடம் கழித்து வந்தார். உன் பொய்யால் வரவில்லை, அங்கே போட்ட ஒப்பந்தம் முடிந்துதான் வந்தார். ஆனால் அந்த ஒன்றரை வருடமும் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், பள்ளிக்கூடம் போனேன். அம்மா பஸ் ஏறிவிட்டார் என்ற நினைப்பில் போனேன். உன்னைப் போலச் சிங்களம் பேச வேண்டும் என்று உன் வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். அதை வைத்துத்தான் பரீட்சை எழுதி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆனேன். நீ கொழுந்து பறித்துக்கொண்டே, ஆஸ்பத்திரிக்கும் பொலிஸுக்கும் போகிற லயத்துச் சனங்களுக்குப் பேச்சுத் துணையாக அலைந்தாய். சத்தியம் செய்துகொண்டு நிற்கும் இடம் என்னுடையது. அங்கே ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அதில் எனக்கு இருக்கிற கர்வத்தை நீ எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பாய்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பதுளை ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கம் டாக்டர் வந்து நின்ற காலையை நீ மறந்திருக்க மாட்டாய். இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், இரண்டு மூன்று வாரம்தான் என்று சிங்களத்தில் சொன்னார். நான் பெரியம்மா என்று கூப்பிடும் உன் அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் அப்படியே சொன்னேன், ஒரு சொல் குறையாமல். பெரியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நல்லா சொன்னடி. ஒரு சொல்லும் உடல" என்றாய். நான் அதைப் பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன்.

சொன்னது தப்பு என்று இன்றும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்ததால்தான் பெரியம்மா பதினெட்டு நாளும் உன் தலைமாட்டை விட்டு நகரவில்லை. உன் வாயில் கடைசிக் கரண்டிக் கஞ்சியை ஊற்றியது அவர் கை. ஆனால் நான் சொன்ன விதம் இருக்கிறதே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்கிற குரலில் ஒரு தாயிடம் சொன்னேன். அது எனக்கு வலிக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த நீ, இரண்டு தடவை அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். பன்னிரண்டு வயதில் எனக்காக அந்தக் கடிதத்தை எப்படி மாற்றிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லாமலே போய்விட்டாய். என் சண்டை இதுதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. போனை எடுத்துக்கொண்டு கொஸ்லந்தைப் பஸ் ஏறி லயத்துக்குப் போனேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள், கல்யாணத்துக்கு எடுத்தது. பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் அந்தச் சைக்கிள் மணி கேட்டதும், "அடியே, தபால்கார நாடகம்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடைசி வாரத்தை மட்டும் போட்டேன். நீ அன்று மாற்றிச் சொன்னது தெரியுமா என்று அவரிடம் கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். தபால்காரர் கடிதத்தைப் பிரித்தார்.

"இப்ப என்னா சொல்றாரு?"

என் வாய் தன்னால் பேசியது என்று சாக்குச் சொல்ல மாட்டேன். யோசித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகுதான் சொன்னேன்.

"அம்மா அடுத்த பஸ்ஸுல வாறாங்களாம், பெரியம்மா."

"அப்ப ஏன் அந்தப் புள்ள அழுவுது?"

"சந்தோஷத்துலங்க."

பெரியம்மா என் கையைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டார். உன் படம் இருந்த பக்கம் திரும்பினார். "அவளும் இப்படித்தான் சொன்னா" என்றார். எழுந்து போய் எனக்குத் தேத்தண்ணி வைத்தார்.

இத்தனை வருடத் தொழிலில் நான் மாற்றிச் சொன்னது அந்த ஒரு வரிதான். அதுவும் உன் வரி.

நல்லா சொன்னேனாடி?