பச்சைப் பாம்பின் வெள்ளைக் கண்

பீளமேடு,
16-11-1936

அன்பும் மரியாதையும் மிக்க மாமா அவர்களுக்கு, உங்கள் அம்புஜம் நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

பம்பாயில் மில் இயந்திர வேலை பழகி முடிய இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டில் காரமே இல்லை என்றீர்களே, பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறேன்.

இனி உங்கள் செல்லத்தின் சேதி. ஊரில் மற்ற புருஷர்கள் கிளி வளர்க்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் பச்சைப் பாம்பு வளர்க்கிறார். நீங்கள் சொன்னபடி தினமும் இலையில் தண்ணீர் தெளித்தேன். மூன்று நாளுக்கு ஒருமுறை கம்பிவலைப் பெட்டியில் வேப்பங்கிளையை மாற்றினேன். பச்சைப் பாம்பைத் தடவினால் சமையல் ருசிக்கும் என்று என் கையைப் பிடித்து அதன் முதுகில் வைத்தீர்களே, அன்றைக்கே என் ரசத்தின் யோக்கியதை எனக்குத் தெரிந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை கிளையை மாற்றும்போது அதன் கண் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. சட்டென்று என் மோதிர விரலைக் கவ்விவிட்டது. நான் உதறவில்லை, நீங்கள் சொல்லியிருந்தபடி அதுவாக விடும்வரை நின்றேன். விரல் வீங்கி மரத்துப்போனது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன்.

பக்கத்து வீட்டுப் பங்காரம்மா அக்கா வந்து எட்ட நின்று பார்த்தார். "ஏங் கண்ணு, மாசமா இருக்கறவளப் பாத்தா பாம்புக்குக் கண்ணு தெரியாமப் போயிரும்பாங்க. நீ தலைக்குத் தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சு?" என்றார். சட்டை உரிக்கும் முன் பாம்புக்குக் கண் வெளுக்கும் என்று உங்கள் பாடத்தை அவரிடம் ஒப்பித்தேன். ஒப்பித்துக்கொண்டே மனதுக்குள் எண்ணினேன். ஐம்பத்திரண்டு நாள்.

நேற்று அது சட்டை உரித்துவிட்டது. கண் பளிச்சென்று இருக்கிறது, பல்லியும் தின்றது. என் விரல் வீக்கமும் முக்கால்வாசி வடிந்துவிட்டது. பயம்தான் வடியவில்லை. போன வருஷம் மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது காரணம் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது காரணம் என் விரலிலேயே இருக்கிறதே. வைத்தியரிடமும் போகவில்லை. சொன்னால் முதலில் பாம்பை அடிப்பார்கள். இந்த நேரத்தில் அந்தப் பாவமும் வேண்டாம்.

இதன் விஷம் ஒரு ஆளை ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினீர்கள். அது ஒரு ஆளுக்குச் சொன்னது, மாமா. இரண்டு பேர் என்றால்?

பதில் கடிதம் வேண்டாம், தந்தி கொடுங்கள். 'பயமில்லை' என்ற ஒரு சொல் போதும். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் அதையே கொடுங்கள்.

வேங்கடாசலபதி உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
அம்புஜம்