படம் சுத்தமாக வரவேண்டும்

நாள் 12 | 08:00
நொச்சி விண்வெளி ஆய்வகம், பூமியின் சுற்றுப்பாதை. பணியில் நான் மட்டும்: தில்லைநாயகி, கட்டி உயிரியல். வெப்பம் 37. எல்லாம் சீர்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கண்ணாடி அறையில் மிதப்பது செண்பகவல்லியின் மார்பகப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த அதன் இரட்டை. அவள் சங்கரன்கோவில் பஸ் கண்டக்டர். இப்போது சென்னையில், எங்கள் திட்ட மருத்துவமனையில் இருக்கிறாள். எடையில்லாத இடத்தில் கட்டி உடலுக்குள் வளர்வதுபோலவே உருண்டு வளரும். பக்கத்து அறையில் அவளுடைய நுரையீரல் திசு. நடுவே ஒரு மெல்லிய கால்வாய். எங்கள் விதி ஒன்றுதான்: எந்த மருந்தும் முதலில் இங்கே, ஒரு வாரம் கழித்து அவளுக்கு.

கட்டி தனக்கு ரத்தக்குழாய்களை வரவழைக்க ஒரு சமிக்ஞை அனுப்பும். அதைத் தடுக்கும் மருந்தை இன்று தொடங்கினேன்.

நாள் 16 | 09:20
தாறுமாறாகப் பின்னி ஒழுகிக்கொண்டிருந்த குழாய்கள் நேராகியிருக்கின்றன. ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. நம்பாமல் மறுபடி அளந்தேன். அதே எண். பட்டினி போட வந்த மருந்து முதலில் பாதையைச் செப்பனிடுகிறது.

இது நல்ல செய்தி. இந்தச் சில நாட்களில் கீமோ கொடுத்தால் கட்டியின் நடுவரை போகும். நோயெதிர்ப்பு அணுக்களும் உள்ளே நுழைகின்றன. செண்பகவல்லிக்கும் இதே கட்டத்தில் கீமோ வேண்டும் என்று எழுதி அனுப்பினேன்.

அவளுடைய வாரக் குரல்செய்தி:
"டாக்டரம்மா, எங்கட்டி அங்க என்ன செய்யுது? ஓசி டிக்கெட்டுல ஆகாசத்துக்கே ஏறிட்டு பாத்தியளா! எறக்கி விட்றாதிய, அங்கனயே கெடக்கட்டும்."

நாள் 17 | 11:05
திட்டத் தலைவர் கருணாகரனின் பதில்:
"தில்லை, கீமோ இப்ப வேண்டாம். ரெண்டையும் சேத்துக் குடுத்தா எது வேலை செஞ்சதுன்னு யார் நம்புவா? நம்ம மருந்து தனியா கட்டியச் சுருக்கணும். அளவு குறையுற படம் சுத்தமா வரணும். டோஸை ரெட்டிப்பாக்கு."

ஒரு பெண்ணின் உடம்பில் படம் சுத்தமாக வரவேண்டுமாம். மறுத்து எழுதினேன். இங்கிருக்கும் மருந்துக் குழாயைச் சென்னையிலிருந்தே திறந்து டோஸை இரட்டிப்பாக்கிவிட்டார்கள்.

நாள் 27 | 10:40
கட்டி பாதியாகிவிட்டது. சென்னையில் கைதட்டுகிறார்கள்.

ரத்தக்குழாய்களே இல்லை. நடுவில் ஆக்சிஜன் இல்லை. நோயெதிர்ப்பு அணுக்கள் வெளியே நிற்கின்றன. ஓரத்துப் புற்றணுக்கள் உருண்டை வடிவம் இழந்து, நீண்டு, கால்வாயை நோக்கி ஊர்கின்றன. காணொளியை அனுப்பினேன்.

கருணாகரனின் பதில்: "அளவு குறைஞ்சிருக்கா இல்லியா? அத மட்டும் சொல்லும்மா."

குறைந்திருக்கிறது. பஞ்சத்தில் பாதி காலியான ஊரைக் காட்டி, கூட்டம் குறைந்துவிட்டது என்று மகிழலாம். போனவர்கள் எங்கே என்று மட்டும் கேட்கக்கூடாது.

நாள் 33 | 07:50
நுரையீரல் அறையில் புற்றணுக்கள். ஒன்றிரண்டு அல்ல, கொத்தாக.

அவள் ஒரு வாரம் பின்னால் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டோஸைக் குறையுங்கள், கீமோ தொடங்குங்கள், நுரையீரலை ஸ்கேன் செய்யுங்கள் என்று மூன்று வரியில் அனுப்பினேன். ஒரு பள்ளிப்பிள்ளைக்குக்கூடப் புரியும் தமிழில்.

கருணாகரன்: "இரட்டையோட வேலை முடிஞ்சுது. எரிச்சிடு. மருந்தோட அறிவிப்பு வர்ற வாரம். குழப்பம் பண்ணாத."

எரிக்க மாட்டேன்.

நாள் 34 | 16:15
செண்பகவல்லிக்கான வாரச் செய்தியில் என் குரலிலேயே சொன்னேன். வீட்டுக்குப் போகாதே. வேறு மருத்துவமனைக்குப் போ. நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல். அனுப்பியாகிவிட்டது. ஆனால் கருணாகரனின் அலுவலகம் வழியாகத்தான் அவளிடம் போகவேண்டும்.

நாள் 41 | 15:30
அவளுடைய பதில் வந்தது.

"டாக்டரம்மா! கட்டி காணாமப் போச்சுன்னுட்டாவ. வார்டு பூரா லட்டு குடுத்தேன். ஒங்க கொரலு சரியா வரலன்னு கருணாகரன் சாரே வாசிச்சுக் காட்டுனாவ. ரொம்ப வாழ்த்தியிருந்தியளாம்லா. கண்ணு கலங்கிட்டு எனக்கு. திங்கக்கெழம டூட்டில சேருதேன். லேசா இருமலு இருக்கு. ஏசி காத்துதானாம். நீங்க எறங்கி வந்ததும் நம்ம பஸ்ஸுல ஏறணும், என்னா? ஒங்களுக்கு டிக்கெட் கெடையாது."

நடுவில் இரண்டு முறை இருமினாள்.

நான் வாழ்த்தவில்லை.

நாள் 41 | 15:52
ஆய்வகத்தின் மின்சாரத்தைக் கீழிருந்து பகுதி பகுதியாக நிறுத்துகிறார்கள். இரட்டையின் அறை குளிர்ந்துவிட்டது. அடுத்தது ஒலிபரப்பி. அதற்குள் இந்தப் பதிவுகளை எல்லா அலைவரிசையிலும் திறந்துவிடுகிறேன்.

கேட்பவர் யாராயினும், என்னைத் தேட வேண்டாம். சங்கரன்கோவில் பஸ் டிப்போவுக்குப் போங்கள். கண்டக்டர் செண்பகவல்லி என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே வருவாள். அவளிடம் சொல்லுங்கள், அது என் வாழ்த்து இல்லை, அந்த இருமல் ஏசி காற்றால்