பெர்சியின் கறுப்புப் படுதா

ஜனவரி 18
அக்கா மகள் பெர்சி கொச்சியில் ஆராய்ச்சி படிக்கிறாள். என் ஏலத்தோட்டத்துக் குளத்தில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் அடியில் விரிக்கப் புதுப் படுதா செய்யப்போவது அவள்தான். பிளாஸ்டிக்கோடு கிராபீன் என்று ஒரு கறுப்புப் பொடி. பென்சில் கரியை இதழ் இதழாக உரித்தால் அதுதானாம். அந்த இதழ்கள் பிளாஸ்டிக்குக்குள் பரவி நின்று இழுத்துப் பிடிக்குமாம். வண்டன்மேடு டீக்கடையில் நானே விளக்கினேன். யானை இறங்கினாலும் கிழியாது என்றேன். (அவள் சொன்னது நண்டு. யானை என் சேர்க்கை.)
பக்கத்துத் தோட்டம் சுருளிவேல்: "ஏம்வே பவுல்ராஜ், யானைக்குச் சோப்பும் நீரே வாங்கிக் குடுப்பீரோ?"

ஜனவரி 27
கம்பத்துப் பட்டறையில் பிளாஸ்டிக்கை உருக்கிப் படுதா ஓட்டினார்கள். பெர்சியால் வர முடியவில்லை, என்னை அனுப்பினாள். நூறு கிலோ பிளாஸ்டிக்குக்கு அரைக் கிலோ பொடி போதுமாம். டப்பா நிறைய மிச்சம் கிடக்கிறது! ஏலத்துக்கு மருந்தே சொன்ன அளவுக்கு ரெண்டு பங்கு அடிக்கிற ஊர் நாங்க. "முழுசும் தட்டுப்பா, நானும் விஞ்ஞானி வீட்டு ஆள்தான்" என்றேன் பட்டறைப் பையனிடம். தட்டினான்.

பிப்ரவரி 9
குளம் நிரம்பிவிட்டது. பார்க்கக் கம்பம்மெட்டிலிருந்து கூட்டமே வந்தது. சரி, மூணு பேர்.

பிப்ரவரி 21
தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருக்கிறது. வெயில். வெயில்தான்.

பிப்ரவரி 23
வெயில் இல்லை. சுருளிவேல் குளமும் அதே வெயில்லதானே கிடக்கு? அது இறங்கலையே. மூலை மடிப்பைத் தடவினேன் — விரலுக்குக் கீறல் தட்டுது. இந்தத் தண்ணி போச்சுன்னா செடி போச்சு. பெர்சிக்கு என்ன பதில்? படுதா தோட்டத்துல தாக்குப்பிடிச்சாத்தான் மேற்கொண்டு பேச்சுன்னு அவ ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற சார் சொல்லியிருக்காராம். பொடி கூடினா பலமும் கூடத்தானே செய்யணும், கர்த்தாவே?
வீட்டுக்காரி இன்பமேரி சொல்கிறாள்: "போன் பண்ணுங்க. இல்லாட்டி நான் பண்ணுவேன்."

பிப்ரவரி 24
பண்ணினேன். "சாப்பிட்டியாம்மா"ன்னு கேட்டுட்டு வச்சிட்டேன்.

பிப்ரவரி 26
இன்பமேரி பண்ணிவிட்டாள். பெர்சி வந்தாள். மூலையில் ஒரு துண்டை வெட்டி மடித்தாள். படக்கென்று விரிசல் விட்டது. பூதக்கண்ணாடியில் காட்டினாள் — உப்புமாவில் ரவை கட்டிதட்டின மாதிரி உள்ளே உருண்டை உருண்டையாக.
"எவ்வளவு போடச் சொன்னீங்க மாமா?"
"கொஞ்சம்... டப்பா."
திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "கூடப் போட்டா இதழெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும். கட்டி எதையும் பிடிக்காது, அங்கதான் முதல்ல விரிசல் விடும். சார்கிட்ட நான் என்ன சொல்ல?"
 
சாயங்காலம் சுருளிவேல் மோட்டாரும் குழாயுமாக வந்து மிச்சத் தண்ணீரைத் தன் குளத்துக்கு இழுத்துக்கொண்டார். "உம்ம செடிக்கு என் குளத்துலேருந்து விட்டுக்கிடும். யானை வந்தா மட்டும் உம்ம வீட்டுக்கு அனுப்பிருவேன்."

மார்ச் 15
கீழ்ப்புறத்துச் செடிகள் காய்ந்தன. மேல்புறம் பச்சைதான். பெர்சி, நடந்ததை நடந்தபடி சொன்னாளாம். இன்னொரு தரம் ஓட்ட சார் சம்மதித்துவிட்டார். இந்த முறை பட்டறைக்கு அவளே போனாள். நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

ஏப்ரல் 20
புதுப் படுதா விரித்த பிறகு ரெண்டு நல்ல கோடைமழை. குளம் பாதி. மட்டம் பார்க்க வைத்த குச்சியடியிலேயே தண்ணீர் நிற்கிறது. காலையில் பார்த்தேன், மத்தியானமும் போய்ப் பார்த்தேன்.
டீக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி சுருளிவேல், "என்னவே, நிக்குதா?" என்றார்.
"பெர்சிகிட்ட கேளும். நம்பர் தாரேன்."
கடையே திரும்பிப் பார்த்தது.