உனக்கு மட்டும் கேட்காத சங்கு

என் காசிக்கு,

கடிதம் என்றாலே உனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்பியதை எல்லாம் உன் அப்பாவிடம் காட்டாமல் கிழித்துப் போட்டவன் நீ. இதையாவது கிழிக்காமல் படி. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஊரே படித்தாலும் பரவாயில்லை.

முதலில் வீட்டுச் சேதி. விஜயாவும் பாப்பாவும் வடக்குத்து ஊரில், உங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். பாப்பா நடக்கிறாள். உன் பெண்தானே, சொன்ன பக்கம் போவதே இல்லை. எனக்கு வேலை பர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. நீ வந்து உட்காராத வீட்டை என் வீடு என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

இந்த நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்குக் கடிகாரம் எதற்கு? சுரங்கத்துச் சங்கு ஊதினால் அடுப்பு எரியும், சைக்கிள்கள் கிளம்பும். சாயங்காலச் சங்கு பிள்ளைகளுக்கானது. எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் நம் கால்கள் தாமாக வீட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

உன் கால் மட்டும் திரும்பாது. அம்மா இல்லாத வீடு உன்னுடையது. சங்கு ஊதி முடிவதற்குள் வராவிட்டால் கதவு திறக்காது என்று உன் அப்பா சட்டம் போட்டிருந்தார். உள்ளே இருந்தாலும் அடி, வெளியே இருந்தாலும் பட்டினி. நீ வடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தாய்.

பள்ளியை விட்டு விரட்டப்பட இருந்த நம் நாலு பேரையும் டிரில் மாஸ்டர் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? "வெயில்ல முட்டி போட வெச்சிப் பாத்தாச்சி. இனிமே தண்ணியில வுட்டுப் பாக்கலாம். துடுப்புப் போட்டாலாவது புத்தி வருதான்னு பாப்போம்" என்றார். பஸ்ஸில் வழியெல்லாம் நீ அவரைப் போலவே பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாய்.

முதல் படகில் அவரும் படகுக்காரரும். பின்னால் வந்த படகில் நாம் நாலு பேர். சுரபுன்னை மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்க, ஒரு வாய்க்காலைப் போலவே இன்னொரு வாய்க்கால். பொழுது சாயும் நேரத்தில் முன்படகு ஒரு திருப்பத்தில் மறைந்தது. பறவைச் சத்தம் சட்டென்று நின்றது. அப்போதுதான் சங்கு ஊதியது.

நம் ஊர்ச் சங்கு, காசி. அதே இழுவை, கடைசியில் அதே கம்மல். எங்கள் மூன்று பேரின் துடுப்பும் ஒன்றாகத் திரும்பியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, பேசவில்லை. சத்தம் வந்த வாய்க்காலுக்குள் படகு தானாகப் போவதுபோல் போனது. எனக்குப் பயமே இல்லை, வீட்டுக்குப் போகிற நிம்மதிதான் இருந்தது. இன்று நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

நீ பாய்ந்து ஒரு வேரைப் பிடித்துக்கொண்டாய். "டேய், எங்கடா போறீங்க?" என்று கத்தினாய்.

"சங்கு ஊதுது. வுடுடா" என்றேன் நான்.

"எந்தச் சங்கு? எனக்கு ஒண்ணும் கேக்கல!"

நாங்கள் உன் கையை விலக்கப் பார்த்தோம். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தும் நீ வேரை விடவில்லை. படகுக்காரர் தேடிக்கொண்டு வரும்வரை அப்படியே தொங்கினாய்.

"நல்ல வேளை தம்பிங்களா. அந்தாண்ட முகத்துவாரம். தண்ணி கடலுக்கு இழுத்துகினு கெடக்குது" என்றார் அவர். நாங்கள் சங்கைப் பற்றிச் சொன்னதும் மாஸ்டர் சிரித்துவிட்டார். "நெய்வேலிச் சங்கு இங்க கேக்குமாடா?"

படகுக்காரர் சிரிக்கவில்லை. "கேக்குங்க. இந்த நேரத்துல அவுங்கவுங்க வூட்லேர்ந்து கூப்புட்ற சத்தம் கேக்கும். எனக்கு எம் பொஞ்சாதி கொரலு கேக்கும். அவ செத்து ரொம்ப நாளாச்சிங்க. திரும்பிப் பாக்காம வந்துடுவேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நீ மெதுவாகக் கேட்டாய்: "எனக்கு மட்டும் ஏன்டா மச்சான் கேக்கல?" நான் தூங்குவதுபோல் இருந்துவிட்டேன்.

பதிலை விஜயாதான் கொண்டுவந்தாள். கல்யாணமானதும் சாயங்காலச் சங்கு ஊதத் தொடங்கும்போதே நீ சைக்கிளைத் திருப்பிவிடுவாய். நாங்கள் கேலி செய்வோம். நீ வெட்கப்படாமல் பெல் அடித்துக்கொண்டு போவாய். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

பிறகு மஞ்சள் காமாலை, கடலூர் ஆஸ்பத்திரி. கடைசி நாள் எனக்கு செகண்ட் ஷிப்ட். விஜயா பிறகுதான் சொன்னாள்: "பொழுது சாயறப்ப எழுந்து ஒக்காந்துக்கினாருண்ணா. காலத் தொங்கப் போட்டுகினு செருப்பத் தேடுனாரு. 'சங்கு ஊதுது விஜயா, வூட்டுக்குப் போவணும்'னாரு. கடலூர்ல ஏதுண்ணா சங்கு?"

இதைத்தான் கேட்க வேண்டும். உன்னைக் கூப்பிட்டது யார்? வடக்குத்து வீடா, அந்தத் தண்ணீரா? அன்று எங்களுக்காக நீ வேரைப் பிடித்தாய். உன் முறை வந்தபோது உன்னைப் பிடித்து நிறுத்த நான் பக்கத்தில் இல்லையே, காசி.

நேற்று சாயங்காலச் சங்கு ஓய்ந்ததும் எங்கள் வாசலில் சேற்று நாற்றம் அடித்தது. சுரங்கத்து மண் இல்லை. உப்பும் அழுகிய இலையும் கலந்த நாற்றம். வெயிலில் காய்ந்த படியில் ஈரம் இருந்தது. இங்கே வந்திருந்த பாப்பா விளையாட்டை விட்டுவிட்டு, வாசலைப் பார்த்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். என் மனைவி பயந்து கதவைச் சாத்தப் போனாள். நான்தான் தடுத்தேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். சங்கு ஊதிய பிறகு இந்த வீட்டில் தாழ்ப்பாள் விழாது. நாளைக்குப் பாப்பா உன்னைப் போலவே ஊர் சுற்றிவிட்டு வந்தாலும் அவளுக்குக் கதவு திறந்திருக்கும். நீயும் எப்போது வேண்டுமானாலும் வா, உட்கார், அவளைப் பார்த்துவிட்டுப் போ.

ஆனால் என்னைக் கூப்பிட்டுவிடாதே. உன் குரல் கேட்டால் நான் திரும்பிவிடுவேன். வேரைப் பிடிக்க இப்போது நீ இல்லை.

உன் பாப்பாவுக்கு மாமன்,
உனக்கு என்றும் மச்சான்,
துரை