ஒரு மணி நேரப் பயணம்

மகனே,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை.

"பிளைட்ல ஒரு மணி நேரம்தாம்மா" என்று நீ சொன்னதை, உன் தங்கை வினோதாவின் மாமியாரிடம் நானே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். பெங்களூரில் உன் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கும், மீனம்பாக்கத்திலிருந்து கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கும்மிடிப்பூண்டிக்கும் பறந்தா வர முடியும்? விசேஷத்துக்கு முந்தின நாளே உன் நண்பன் தணிகைவேல் தன் காரில் வரச் சொல்லிக் கூப்பிட்டான். அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றாய். அவன் திருவள்ளூர் வழியாக வந்து, விடிந்ததும் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான்.

வினோதாவின் குழந்தைக்குக் காது குத்த ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். தாய்மாமன் நீ உட்கார வேண்டிய பலகை காலியாகக் கிடந்தது. நல்ல நேரம் முடியும் தறுவாயில் இருந்தது.

"இன்னாம்மா, உன் புள்ள இன்னும் ஆகாசத்துலயே கீறானா?" என்று சம்பந்தியம்மா கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். வினோதா தலை நிமிரவில்லை. பிறகு அவளே எழுந்து போய்த் தணிகைவேலின் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, நீ வந்து குந்து."

அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள்.

பந்தி முடிந்தபின் வந்து இறங்கினாய். குழந்தையை மடியில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிட்டால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்றாய். குழந்தை தூங்குகிறாள் என்று சொல்லி உன்னை அனுப்பினேன்.

அவள் தூங்கவில்லை. உன்னிடம் தர வேண்டாம் என்று வினோதாதான் சொன்னாள்.

உன் அம்மா