ஷெர்லீனின் போத்தல்

ஆமாம் அப்பா, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் கால் புண் ஆறியதா?

இங்கே பாச்சாங்கில் எங்கள் தொழிற்சாலை வேன் ஓட்டுநர்களுக்கு ஒரு கிளினிக்கில் சிறுநீர்ச் சோதனை நடந்தது. சீனியும் பார்த்தார்கள், போதைப்பொருளும் பார்த்தார்கள். என் அறைத் தோழி ஷெர்லீனும் ஓட்டுநர்தான். துணைக்குப் போனேன்.

"ஒருவாட்டிதான் எடுத்தேன் ஜோனி. வேல போயிரும் லா," என்று கழிவறையில் போத்தலை நீட்டினாள். நான் நிரப்பிக் கொடுத்தேன்.

போதைப்பொருள் இல்லை, சீனிதான் அதிகம் என்று முடிவு வந்தது.

"அது ஒன்னோட சீனி லா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவள் ஓட்டிய வேனில் பதினொரு பெண்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயப்படாதீர்கள். உங்கள் பழைய சீனி பார்க்கும் கருவியை அனுப்புங்கள். விரலில் எப்படிக் குத்துவது என்று நீங்களே கைப்பட எழுதுங்கள்.

ஷெர்லீன் குளிக்கிறாள், சீக்கிரம் முடிக்கிறேன். சற்று முன் கிளினிக்குக்குப் போன் செய்து, அந்தப் போத்தலில் இருந்தது என்னுடையது என்று சொன்னேன்.

உங்கள் ஜோனிட்டா